காலிச் சிறைக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை

வெல்வெட் கோட்டின் கடைசிப் பொத்தான் மாட்ட மறுத்தது.

"மூச்சை உள்ள இழுங்க," என்றாள் தியோடோசியா.

ஆம்ப்ரோஸ் லட்டிங்டன் இழுத்தார்.

"இன்னும்."

"இதுக்கு மேல இழுத்தா முதுகு வழியா வெளிய வந்துடுவேன்."

"கிறிஸ்துமஸ்ல ரெண்டாவது தடவை புட்டிங் கேட்டப்பவே சொன்னேன், ஷெரீப் ஆகப்போற மனுஷன் வயித்தைப் பாத்துக்கணும்னு." அவள் ஒரே அழுத்தாக அழுத்தினாள். பொத்தான் உள்ளே போனது. "முடிஞ்சுது. சாயங்காலம் வரைக்கும் சிரிக்காதீங்க. தெறிச்சுடும்."

ஆனால் அன்று காலையிலிருந்து அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். மேஜைமேல் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் நீலத் தாளின்மேல் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை. ஆட்டுக்குட்டித் தோல். மணிக்கட்டில் தங்க நூலால் மாவட்டத்தின் சின்னத்தைத் தியோடோசியாவே தைத்திருந்தாள். ஹாரன்பி நகரத்துக்கு அன்று மூன்று மணி ரயிலில் ஜட்ஜ் வருகிறார். வருஷத்துக்கு இரண்டு முறை வந்து, ஜெயிலில் விசாரணைக்குக் காத்திருக்கிற எல்லோரையும் விசாரித்து முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார். ஜெயிலில் ஒருவரும் இல்லையென்றால், நீதிமன்றத்தில் எல்லோரும் பார்க்க, ஷெரீப் எழுந்து ஜட்ஜுக்கு வெள்ளைக் கையுறை கொடுப்பார். இந்தச் சிறிய மாவட்டத்தில் அப்படிக் கொடுத்துப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது.

ஜெயில் இருபத்துமூன்று நாளாகக் காலி. ஜெயிலர் சலித்துப்போய் முற்றத்தில் கேரட் விதைக்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு காலத்தில் ஷெரீப் என்றால் மாவட்டமே நடுங்கும். ராஜாவின் வரியை வசூலிப்பார், ஆட்களைத் திரட்டித் திருடர்களைத் துரத்துவார், கோட்டையைக் காப்பார். வரிக்கு வேறு அதிகாரிகள் வந்தார்கள். திருடர்களுக்குப் போலீஸ் வந்தது. 1868ஆம் வருஷத்து ஷெரீபுக்கு மிச்சம் இருந்தவை ஒரு வருஷப் பதவி, வெல்வெட் கோட்டு, இடுப்பில் ஒரு வாள், ஜட்ஜை எதிர்கொண்டு அழைப்பது, ஜூரிக்கு ஆட்களை அழைப்பது, ஜெயில். அப்புறம் தூக்கு. ஆம்ப்ரோஸின் அப்பா ஷெரீபாக இருந்த வருஷம் ஒருவனைத் தூக்கில் போட்டார்கள். பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது ஷெரீபின் கடமை. அன்று அப்பா வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், மாலைவரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். எட்டு வயது ஆம்ப்ரோஸ் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான்.  போன நவம்பரில் தன் பெயர் ஷெரீப் பட்டியலில் ஏறிய நாள் முதல் ஆம்ப்ரோஸின் மனத்தில் ஓடியது அந்தப் படிதான். தன் வருஷத்தில் ஜெயில் காலியாக இருக்க வேண்டும். கையுறை என்றால் அவருக்கு அதுதான்.

கீழே கதவு படாரென்று திறந்தது. துணை ஷெரீப் ஜாப் பின்ச்பெக் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். அறுபது வயது வக்கீல். அவர் படியேறி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"ஐயா, போச்சு! ஆள் வந்துருச்சு!"

"ஜட்ஜா? அதுக்குள்ளயா?"

"கைதி ஐயா, கைதி! பதினோரு மணிக்கு மாஜிஸ்டிரேட் உள்ள அனுப்பிட்டாரு. கெஸையா டால்பி. லோ ஃபார்ம் பால்பண்ணையில சீஸ் போடுற பொம்பள. ஒரு முழு சீஸைத் தூக்கிட்டுப் போனாளாம். பண்ணைக்குப் புது எசமானா வந்திருக்காரே ஸ்னெல், அவரோட ஆளு வழியிலயே மறிச்சுப் பிடிச்சிட்டானாம்."

ஆம்ப்ரோஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். வாள் நாற்காலிக் கைப்பிடியில் இடித்தது.

"ஒரு சீஸு," என்றாள் தியோடோசியா. "அந்தாளு ஒரே ஒரு நாள் பொறுத்துத் திருட்டைக் கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?"

பின்ச்பெக் மூச்சுவாங்கிக்கொண்டே கிட்டே வந்தார். "வழி இருக்கு ஐயா. நாளைக்குக் காலையில, விசாரணை வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ற பெரிய ஜூரிகிட்டதான முதல்ல போகணும்? இருபத்துமூணு பேரும் நீங்க கூப்பிட்ட ஆளுங்க. தலைவர் உங்க சிநேகிதர் சர் லாஃப்டஸ். குற்றச்சாட்டுக் காகிதத்துக்குப் பின்னால 'வழக்கு இல்லை'ன்னு ரெண்டு வார்த்தை எழுதிட்டாப் போதும். விசாரணையே கெடையாது. அவளும் வீட்டுக்குப் போவா. ஜட்ஜுக்கும் கையுறை போவும். யாருக்கு நட்டம்?"

யாருக்கும் நட்டம் இல்லை. ஆம்ப்ரோஸுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. இரண்டாவது பொத்தான் தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடியது.

*

நல்ல செய்தியைத் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஜெயில் ஷெரீபின் பொறுப்பு. யாரும் கேள்வி கேட்க முடியாது. இரண்டேகால் மணிக்கு வெல்வெட்டும் வாளுமாக ஜெயிலுக்குள் நுழைந்தார்.

கெஸையா டால்பி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். சுருட்டிவிட்ட சட்டைக் கைகளுக்குக் கீழே முன்கைகள் கொல்லனுடையவை போல. அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்," என்றார் ஆம்ப்ரோஸ். "நாளைக்குக் காலையில உன்னை விட்டுடுவாங்க. விசாரணையே இல்லை."

"எதுக்கு விடுவாங்க?"

"பெரிய ஜூரி உன் காகிதத்துல வழக்கு இல்லைன்னு எழுதிடும்."

"நான் சொல்றதக் கேட்டுட்டா?"

"இல்ல. அவங்க முன்னால நீ போக மாட்ட. குற்றம் சொல்றவங்க மட்டுந்தான் போவாங்க."

"அப்ப எதைக் கேட்டுட்டு எழுதுவாங்க?"

 முற்றத்தில் ஜெயிலர் கேரட்டுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"கையுறைக்காகத்தான?" என்றாள் கெஸையா. "ஜெயிலரம்மா சொன்னாங்க. ஊரெல்லாம் ஜன்னல்ல வெள்ளைத் துணி கட்டியிருக்காங்களாம். நான் வந்து கெடுத்துட்டேனாம். டீ குடுத்துக்கிட்டே அழுவுறாங்க, பாவம்."

"உனக்கு நல்லதுதான? தோத்தா ஆறு மாசம் கடுங்காவல்."

"தெரியுங்கய்யா. கையுறைக்காக விட்டாங்கன்னா என்னாகும், அதையும் நான் சொல்லட்டுமா? எவன் பண்ணையிலயாவது வேலை கேப்பேன். 'டால்பியா? ஷெரீப் தயவுல தப்பிச்சவளாச்சே'ம்பான். சேத்துக்கிட்டாலும், ஒரு உருண்டை வெண்ணெய் காணலேன்னா என் மூஞ்சியத்தான் பாப்பான். பதினாறு வருஷம் சீஸ் போட்டிருக்கேன். எனக்குன்னு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்."

"எடுத்தியா இல்லையா?"

"எடுத்தேன். ஒடைஞ்ச சீஸ். அலமாரியிலயே வெடிக்கிற சீஸைக் கடைக்காரன் வாங்க மாட்டான். அது சீஸ் போட்டவளுக்கு. இந்த மாவட்டத்துல எந்தப் பண்ணையிலயும் அதான் வழக்கம். பழைய எசமான் தானே எடுத்துக் குடுப்பாரு. இந்த ஸ்னெல் ஐயா லண்டன்லருந்து வந்தவரு, தெரியல. சரி, தெரியாததத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவரு என்ன சொல்றாரு? சீஸ் முழுசா இருந்துச்சாம். பிடிச்சப்ப நான் கீழ போட்டு ஒடைச்சேனாம்!" அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "அந்த சீஸைப் பன்னெண்டு விவசாயிங்க முன்னால வைங்க. அவ்வளவுதான் நான் கேக்கறது. மேல இருக்கற இருபத்துமூணு கனவான்களும் சீஸ் தின்னுருக்காங்க. போட்டதில்ல."

  தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. ஆம்ப்ரோஸ் கேட்டார்.

"அந்த சீஸ் இப்ப எங்க?"

"கான்ஸ்டபிள் எடுத்துட்டுப் போனாரு. அவரு வீட்டுக் கொட்டகையில வெச்சிருப்பாரு. எலிக்கும் குடுக்காம, தானும் தின்னாம இருந்தாச் சரி."

*

கான்ஸ்டபிளின் கொட்டகை இரண்டு தெரு தள்ளி. ஆம்ப்ரோஸ் நடந்து போகவில்லை, கிட்டத்தட்ட ஓடினார். தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அவளை விடுவிக்கப்போகிறாரா, விசாரணைக்கு அனுப்பப்போகிறாரா? அதை இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் சீஸ் பத்திரமாக இருக்க வேண்டும். அது மட்டும் நிச்சயம்.

கொட்டகைக் கதவைத் திறந்தபோது பெரிய சாம்பல் பூனையொன்று சீஸின் மேலேயே ஏறி உட்கார்ந்து, துணியை ஒரு மூலையில் கிழித்து வைத்திருந்தது.

"அது எலி பிடிக்கத்தான் ஐயா அங்க உக்காந்திருக்கு," என்றார் கான்ஸ்டபிள்.

"ஈட்டிக்காரன் ஒருத்தனைக் கூப்பிடு!"

ஜட்ஜின் வண்டியைச் சூழ்ந்து நடக்க இருபது ஈட்டிக்காரர்கள் சந்தையில் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோரும் ஆம்ப்ரோஸின் பண்ணையாட்கள். புதுச் சட்டை, கையில் எட்டடி ஈட்டி. அவர்களில் தடித்தவனான நெஹெமையாவை இழுத்து வந்தார்கள்.

"நெஹெமையா, நாளைக் காலை வரைக்கும் இதுக்குக் காவல். மனுஷன், பூனை, எலி, எதுவும் கிட்ட வரக் கூடாது."

நெஹெமையா சீஸைப் பார்த்தான், ஈட்டியைப் பார்த்தான். "சீஸே தப்பிச்சு ஓடப் பாத்தாக் குத்தலாமா ஐயா?"

அந்தக் கணம் தூரத்தில் ரயிலின் ஊதல் கேட்டது.

 ஷெரீப் இல்லாத மேடையில் ஜட்ஜ் இறங்கினால் அது ராணியையே அவமதித்த மாதிரி. ஆம்ப்ரோஸ் ஓடினார். வாள் கால்களுக்கிடையில் புகுந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். சந்தையில் கோழிக் கூடைகளைத் தாண்டினார். மீன் விற்பவள் ஒருத்தி, "வழி விடுங்க, வெல்வெட்டு வருது!" என்று கத்தினாள். ரயில் நிலைய வாசலில் பின்ச்பெக் கைகளை ஆட்டியபடி குதித்துக்கொண்டிருந்தார். ஜட்ஜை வரவேற்க நின்ற இரண்டு எக்காளக்காரர்களும் ஷெரீபுக்காகக் காத்திராமல் ஊதத் தொடங்கிவிட்டார்கள். ரயில் பெருமூச்சுவிட்டு நிற்கவும், ஜட்ஜின் பெட்டிக் கதவு திறக்கவும், ஆம்ப்ரோஸ் மேடையில் கால் வைக்கவும் சரியாக இருந்தது. தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். மூன்றாவது பொத்தானும் போயிற்று.

"கோழி இறகு இருக்கு, ஷெரீப்," என்றார் ஜட்ஜ் ஹெக்ஸ்லி. "உங்க தோள்ல."

வண்டியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தேவாலய மணிகள் அடித்தன. தெருவின் இரு பக்கமும் ஜன்னல்களில் வெள்ளைக் கைக்குட்டைகள், மேஜைத்துணிகள், ஒரு வீட்டில் இரவுச் சட்டைகூட. ஆனால் கெஸையாவின் செய்தி வண்டிக்கு முன்னாலேயே ஓடியிருந்தது. சில ஜன்னல்களில் பெண்கள் துணியை அவிழ்த்து உள்ளே இழுப்பது தெரிந்தது. வேறு சிலர் பாதி இழுத்துவிட்டு ஷெரீபின் முகத்தைப் பார்த்து நின்றார்கள்.

"என்ன இது, வெள்ளையா?" ஜட்ஜ் முன்னால் சாய்ந்தார். வயதான முகத்தில் திடீரென்று ஒரு பிள்ளைத்தனமான ஆசை. "ஷெரீப், நிஜமாவா? பத்தொம்பது வருஷமா ஊர் ஊராப் போறேன். எனக்கு ஒரே ஒரு ஜோடிதான் கிடைச்சிருக்கு. ஜெயில் காலியா?"

ஆம்ப்ரோஸ் தோளிலிருந்த கோழி இறகை எடுத்தார். 

நாளை காலை காலியாகிவிடும் என்று சொல்லலாம். அது பொய்கூட இல்லை. பாலம் வந்தது, வண்டிச் சக்கரங்களின் ஒலி மாறியது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அப்பா நினைவுக்கு வந்தார். அன்று அப்பாவை வதைத்தது தூக்கு மட்டும்தானா? அந்த மனிதன் கடைசியில் ஏதோ சொல்ல வந்தான், நேரமாகிவிட்டது என்று முகத்தை மூடிவிட்டார்கள் என்று வருஷங்கள் கழித்து அம்மா ஒரு தடவை சொன்னாள். ஆம்ப்ரோஸ் அதை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. இப்போது யோசித்தார். பாலத்திலிருந்து தேவாலயம் வரை யோசித்தார்.  

"ஒரு பொம்பள இருக்கா, மை லார்ட்," என்றார் ஆம்ப்ரோஸ். "தன்னை விசாரிக்கணும்னு கேக்கறா."

ஜட்ஜ் மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். "அப்ப விசாரிச்சுடுவோம்."

*

மறுநாள் காலை தியோடோசியா அட்டைப் பெட்டியை இழுப்பறைக்குள் வைத்தாள். பொத்தான்களை இரும்பு மாதிரித் தைத்திருந்தாள்.

பெரிய ஜூரியின் அறைக்குப் போகும் படிக்கட்டில் சர் லாஃப்டஸ் ரே அவரைப் பிடித்துக்கொண்டார். பள்ளி நாளிலிருந்து சிநேகிதம்.

"கவலைப்படாதடா! எல்லார்கிட்டயும் பேசியாச்சு. பத்து நிமிஷத்துல 'வழக்கு இல்லை'. பதினொண்ணரைக்கு நீ கையுறையக் குடு. ஒரு மணிக்கு விருந்து."

"லாஃப்டஸ், நீங்க யாரும் அப்படிப் பண்ணாதீங்க. அந்த ஸ்னெல் சொல்றதக் கேளுங்க. கேட்டுட்டு என்ன தோணுதோ அதை எழுதுங்க."

"கேட்டா 'வழக்கு உண்டு'ன்னுதான எழுதணும்! சீஸோட பிடிச்சிருக்கான்!"

"ஆமா."

"உனக்குப் பைத்தியமாடா? ஊரே காத்துக்கிட்டிருக்கு. என் பொண்டாட்டி புது பானட் தொப்பி வாங்கியிருக்கா, நீ கையுறை குடுக்கறதப் பாக்கறதுக்கு!"

"பானட் நல்லா இருக்குன்னு சொல்லு."

"கையுறைக்காகத்தான எங்களக் கூப்பிட்ட?"

"நானும் அதுக்காகத்தான்னு நினைச்சேன். நேத்து மத்தியானம் வரைக்கும்." ஆம்ப்ரோஸ் அவர் கையைப் பிடித்தார். "நீங்க விட்டா அது அவளுக்கு விடுதலை இல்லடா. நாளைக்கே ஸ்னெல் மறுபடி வழக்குப் போடலாம். போடலேன்னாலும் ஊரு போடும்."

லாஃப்டஸ் அவரையே முறைத்தார். பிறகு "அந்தக் கையுறைய நீயே மாட்டிக்கிட்டு அலை!" என்று சொல்லிவிட்டுத் திமுதிமுவெனப் படியேறினார். அரை மணி கழித்து, நீதிமன்றக் கூடத்து மாடத்திலிருந்து நீண்ட கழியின் நுனியில் செருகிக் காகிதம் கீழே இறங்கியது. எழுத்தர் பிரித்துப் படித்தார்.

"வழக்கு உண்டு."

கூடமெங்கும் ஏமாற்றப் பெருமூச்சு. புது பானட் ஒன்று சட்டென்று தாழ்ந்தது.

கெஸையாவைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தினார்கள். அவளுக்குப் பின்னால் நெஹெமையா ஈட்டியை மார்பில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் சீஸைச் சுமந்து வந்து மேஜையில் வைத்தான். துணியை விலக்கியதும் முதல் வரிசை வக்கீல்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஜட்ஜ் மூக்கின்மேல் கைக்குட்டை வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆம்ப்ரோஸ் அசையவில்லை. 

காட்ஃப்ரி ஸ்னெல் கெட்டவராகத் தெரியவில்லை. சரியாகச் செய்கிறோம் என்று நம்புகிற மெலிந்த மனிதர். சீஸ் முழுதாக அலமாரியில் இருந்தது, அவள் தூக்கிச் சென்றாள், ஆள் மறித்தான், அவள் கீழே போட்டாள், உடைந்தது என்றார். அவருடைய ஆளும் அதையே சொன்னான், கொஞ்சம் தரையைப் பார்த்தபடி.

"நீ ஏதாவது சொல்லணுமா?" என்று ஜட்ஜ் கேட்டார்.

"சீஸைப் பாருங்க," என்றாள் கெஸையா. "வேற ஒண்ணுமில்ல."

ஜூரிப் பெட்டியில் பன்னிரண்டு பேர். பத்துப் பேர் விவசாயிகள், ஒருவர் சேணம் தைப்பவர், ஒருவர் ரொட்டிக்கடைக்காரர். ஓபடயா க்ளட்டன் என்ற கிழவர் எழுந்தார். "மை லார்ட், அதைக் கொஞ்சம் இப்படிக் குடுக்கச் சொல்றீங்களா?"

கொடுத்தார்கள். பெட்டி முழுவதும் தலைகள் குனிந்தன. சீஸ் மடியிலிருந்து மடிக்குப் போனது. திருப்பினார்கள், தட்டினார்கள், காது வைத்துக் கேட்டார்கள்.  விளிம்பிலிருந்து நடுவரை ஒரு வெடிப்பு. க்ளட்டன் தன் கட்டைவிரலை அதற்குள் மெதுவாக நுழைத்தார். முதல் கணு. இரண்டாவது கணு. வெளியே எடுத்து உயர்த்திக் காட்டினார்.

விரல் நுனியிலிருந்து அடிவரை நீலப் பூஞ்சணம்.

"ஸ்னெல் ஐயா," என்றார் க்ளட்டன், "இவ இதைக் கீழ போட்டது என்னிக்கு?"

"நேற்றுக் காலை, ஏழு மணிக்கு."

"அப்ப இந்தப் பூஞ்சணம் ரொம்ப அவசரக்காரப் பூஞ்சணம்."

ஒரே சிரிப்பு. "இது கிறிஸ்துமஸுக்கு முன்னாலயே வெடிச்சது!" என்று பின்பெஞ்சில் யாரோ கத்தினார். "என்கிட்ட குடுத்திருந்தாக்கூட வாங்கியிருக்க மாட்டேன்!" என்றார் இன்னொருவர். ஸ்னெல் சீஸைப் பார்த்தார், தன் ஆளைப் பார்த்தார். அந்த ஆள் இப்போது முழுக்கத் தரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். ஸ்னெலின் காதுகள் சிவந்தன. "எனக்கு... அந்த வழக்கம் யாரும் சொல்லவில்லை," என்றார்.

ஜட்ஜ் ஜூரிக்குச் சட்டத்தை விளக்க இரண்டு வாக்கியம்தான் பேசினார். பன்னிரண்டு பேரும் இடத்தைவிட்டு எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். க்ளட்டன் எழுந்தார்.

"குற்றம் இல்லை, மை லார்ட். ஒரு துளியும் இல்லை."

கூடம் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. லாஃப்டஸ் மாடத்துக் கம்பியில் கையால் அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பானட்டையே கழற்றி ஆட்டினாள். நெஹெமையா ஈட்டிக் கட்டையால் தரையை இடிக்க, மற்ற பத்தொன்பது பேரும் இடிக்கத் தொடங்கினார்கள்.

"ஷெரீப்!" ஜட்ஜ் அந்த இரைச்சலில் கத்தினார். "நீதிமன்றத்துல அமைதி காக்கறது உங்க கடமை!"

ஆம்ப்ரோஸ் துள்ளி எழுந்தார். வாள் மேஜையில் தட்டி மைக்கூடு கவிழ்ந்தது. "அமைதி!" என்றார். அவர் காதுக்கே கேட்கவில்லை. "அமைதி!" என்று மறுபடி கத்தினார். அதில் பாதி சிரிப்பாக வந்தது.

கூண்டைச் சுற்றிக் கூட்டம். "கெஸையா, லேடி டே வந்ததும், ஆள் மாத்தற அன்னிக்கு, எங்க பண்ணைக்கு வந்துடு!" "அவன் பேச்சக் கேக்காத, அவன் பசுக்கள் எல்லாம் வறடு! எங்ககிட்ட முப்பது மாடு!" ஜூரிப் பெட்டியிலிருந்தே க்ளட்டன், "நான் முதல்ல கேட்டேன்! கட்டைவிரல விட்டது யாரு?" என்று அலறினார். ஆளாளுக்குச் சம்பளம் சொன்னார்கள், அறை சொன்னார்கள், ஒருவர் ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி தருவதாகச் சொன்னார்.

"அமைதி!" என்றார் ஆம்ப்ரோஸ் மூன்றாவது தடவை. குரல் முழுக்க உடைந்துவிட்டது.

கெஸையா கூண்டின் விளிம்பில் அந்தப் பெரிய முன்கைகள் இரண்டையும் ஊன்றினாள். அவள் கத்தவில்லை.

"ஒவ்வொருத்தரா பேசுங்க," என்றாள். "இல்லேன்னா ஒருத்தருக்கும் வரமாட்டேன்."

கூடம் அப்படியே அடங்கியது. விவசாயிகள் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். மாவட்டத்தின் ஷெரீப் தன் இடத்தில் உட்கார்ந்தார், வெல்வெட் கையால் கண்களைத் துடைத்துக்கொண்டு, அவள் யாரை முதலில் கூப்பிடுவாள் என்று பார்க்க.